ஸ்ட்ராபெர்ரியை வாசிக்கச் சொன்னவர்

கேப்டன் பீஃப்ஹார்ட் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே,

கேப்டன் பீஃப்ஹார்ட்டின் இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்துக் கேட்கும் உங்களுக்கு இந்த மடல். தமிழ் பேசுவோரில் நாம் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் அவர் மறைந்த நாளான டிசம்பர் 17 வந்தால் யாராவது ஒருவர் அவரை நினைத்து எழுதிவிடுகிறார். நாலு பேர் கூடினால் 'டிரவுட் மாஸ்க் ரெப்ளிகா'வை ஓடவிட்டு விடிய விடியப் பேசுகிறோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். 1982-இல் 'ஐஸ்கிரீம் ஃபார் குரோ' வந்தது. அத்தோடு மனிதர் இசையை மூட்டை கட்டிவிட்டார். வடக்குக் கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஊரில் படம் வரைந்துகொண்டு ஒதுங்கிவிட்டார். இதைச் சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு விடுகிறோம். இன்னும் எத்தனை ஆல்பங்கள் கிடைத்திருக்கும் என்று ஏங்குகிறோம்.

அந்தப் பெருமூச்சை இனி விடாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். முதல் ஆல்பம் 'சேஃப் ஆஸ் மில்க்' வந்தது 1967-இல், கடைசி ஆல்பம் 1982-இல். இடையில் 15 ஆண்டுகள். 2010-இல், 69 வயதில், அவர் காலமானார். ஆக, இசையை விட்ட பிறகு அவர் வாழ்ந்தது 28 ஆண்டுகள். பாடகராகத் தட்டுகள் வெளியிட்ட காலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த 28 ஆண்டுகளை நாம் ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போகிறோம். முதல் ஆல்பத்துக்கு முந்தைய இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றிப் பேசுவதே இல்லை. கேப்டன் பீஃப்ஹார்ட் என்ற பெயரில் பாடிய டான் வான் விலீட் என்ற அந்த மனிதர், பாட வருவதற்கு வெகு முன்பே கையால் உருவங்கள் செய்துகொண்டிருந்தவர்.

1941 ஜனவரி 15 அன்று, லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய கிளெண்டேலில் பிறந்தார். சின்ன வயதிலேயே களிமண்ணைக் கையில் எடுத்தவர். கிரிஃபித் பூங்காவில் இருந்த மிருகக்காட்சிச்சாலைக்காக நடந்த சிறுவர் சிற்பப் போட்டியில் ஒன்பது வயதில் பரிசு வாங்கினார். போட்டியை நடத்தியவர் அகோஸ்டினோ ரோட்ரிகஸ் என்ற சிற்பி. பையனுக்கு வழிகாட்டியாகவும் அவர் இருந்தார். அந்தக் காலத்துச் செய்தித்தாள் நறுக்குகள் இன்றும் இருக்கின்றன. பதின்மூன்று வயதுவாக்கில் குடும்பம் மொஹாவி பாலைவன ஓரத்தில் இருக்கும் லான்காஸ்டருக்குக் குடிபெயர்ந்தது. ஐரோப்பாவில் சிற்பம் படிக்கத் தனக்கு உதவித்தொகை கிடைத்ததாகவும், கலைஞர்கள் எல்லாம் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று நினைத்த பெற்றோர் அதைத் தடுத்துப் பாலைவனத்துக்குக் கூட்டிவந்துவிட்டதாகவும் பின்னாளில் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வான் விலீட் சொன்ன கதைகளை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால், தன் வாழ்க்கையை ஒரு கதையாகச் சொல்லும்போது எந்த இழப்பை முதலில் வைத்தார் என்று பாருங்கள். கைநழுவிப்போன சிற்பப் படிப்பைத்தான் வைத்தார்.

லான்காஸ்டரின் பள்ளியில் கிடைத்த நண்பன் ஃபிராங்க் ஸாப்பா. இருவரும் ராத்திரி பகல் பாராமல் ப்ளூஸ் இசைத்தட்டுகளைக் கேட்டார்கள். பள்ளி முடித்ததும் வான் விலீட் உள்ளூர்க் கல்லூரியில் ஓவியம் படிக்கச் சேர்ந்து, சீக்கிரமே விட்டுவிட்டார். பிறகு அவருடைய குழுவான மேஜிக் பேண்ட், ஹவ்லின் வுல்ஃபை நினைவூட்டும் அந்தக் கட்டைக் குரல், முதல் ஆல்பத்தில் ரை கூடரின் கிதார். இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம்.

நேராக 1969-க்கு வருகிறேன், ஏனென்றால் என் வாதம் அங்கேதான் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் வுட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் ஒரு வாடகை வீடு. அதில் இருபது வயதைச் சுற்றிய சில இளைஞர்கள் எட்டு மாதங்களாக 'டிரவுட் மாஸ்க் ரெப்ளிகா' ஆல்பத்துக்கு ஒத்திகை பார்க்கிறார்கள். முறையாகப் படித்திராத பியானோவில் உட்கார்ந்து வான் விலீட் எதையாவது வாசிப்பார். சில சமயம் விசிலடித்துக் காட்டுவார், சில சமயம் வாயால் சொல்வார். அதைப் பிடித்துத் தாளில் எழுதுவது டிரம்ஸ் வாசிக்கும் ஜான் ஃப்ரெஞ்சின் வேலை. எழுதியதைப் பிய்த்துக் கிதார்களுக்கும் பேஸுக்கும் பங்கிட்டு, ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுத்து, ஒன்றாகச் சேர்த்து வாசிக்கவைப்பதும் அவரே. ஒரு கிதார் ஒரு தாளத்தில் ஓடும், மற்றது வேறொரு தாளத்தில் ஓடும். எங்கோ ஓரிடத்தில் இரண்டும் சமத்துக்கு வந்து ஒரு கணம் கைகுலுக்கிவிட்டு மறுபடி பிரிந்துபோகும். 'ஃப்ரௌன்லாண்ட்' பாட்டை முதல் தடவை கேட்பவர், ஆளாளுக்குத் தோன்றியதை வாசிக்கிறார்கள் என்றே நினைப்பார். வீட்டில் எடுத்த ஒத்திகைப் பதிவையும் ஸ்டுடியோப் பதிவையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். இம்மி பிசகாமல் அதையேதான் வாசிக்கிறார்கள். அதனால்தான் ஸ்டுடியோவுக்குப் போனதும் இருபது பாட்டுகளின் வாத்தியப் பகுதியை ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் முடிக்க முடிந்தது.

வான் விலீட் இசையைக் கையாண்ட விதம் ஓவியரின் விதம். 'தி டஸ்ட் ப்ளோஸ் ஃபார்வர்ட்' என்று தொடங்கும் அந்தச் சின்னப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாத்தியமே கிடையாது, வெறும் குரல். வீட்டு டேப் ரெக்கார்டரில் ஒரு வரி பாடிவிட்டுப் பொத்தானை அழுத்தி நிறுத்துகிறார். அடுத்த வரி வந்ததும் மறுபடி அழுத்துகிறார். ஒவ்வொரு வரிக்கும் நடுவே அந்த 'டிக்' சத்தம் கேட்கிறது. எந்தப் பாடகரும் அதை வெட்டி எறிந்திருப்பார். அவர் அப்படியே விட்டுவைத்தார். தூரிகை மேலே போனதும் கீழே வந்ததும் தெரிகிற மாதிரிக் கோட்டை விட்டுவைக்கும் ஓவியர்கள் இருக்கிறார்களே, அந்த மனம் அது. ஸ்டுடியோவிலும் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ள மறுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கசிந்து வரும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு பாட்டின்மேல் குரலைப் போட்டார். தாளத்தோடு ஒட்ட வேண்டும் என்ற கவலையே இல்லை. காய்ந்த வண்ணத்தின்மேல் இன்னொரு வண்ணத்தை இழுத்ததுபோல அந்தக் குரல் பாட்டின்மேல் கிடக்கிறது.

இனி, நாம் கூடும்போது சிரித்துக்கொண்டே சொல்லும் அந்தக் கதைக்கு வருகிறேன். ஆல்பம் முடிந்த சமயம், வான் விலீட் ஃப்ரெஞ்சைப் பார்த்து, டிரம்ஸில் ஒரு ஸ்ட்ராபெர்ரியை வாசி என்றார். ஃப்ரெஞ்சுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விளைவு, ஃப்ரெஞ்ச் படிக்கட்டில் தள்ளப்பட்டு வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஆல்பம் கடைக்கு வந்தபோது அட்டையில் எல்லோருடைய பெயரும் இருந்தது. எட்டு மாதம் தாள் தாளாக எழுதி அந்த இசையை உருவாக்கியவரின் பெயர் மட்டும் இல்லை.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை, நண்பர்களே. ஸ்ட்ராபெர்ரியை வாசி என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அது ஓவியர் தன் வண்ணத்திடம் வைக்கும் கோரிக்கை. சிவப்பு, அதன்மேல் புள்ளிகள், ஒரு புளிப்பு, ஒரு வடிவம். அவர் மனதில் அது துல்லியமாகத் தெரிந்திருக்கும். அவர் கையில் வண்ணக் குழாய் இருந்திருந்தால் அரை நிமிடத்தில் போட்டிருப்பார். கையில் இருந்தவனோ இருபது வயதுப் பையன். பசியில் இருந்தவன்.

பசி என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு சின்னக் கோப்பை சோயா பீன்ஸ்தான் சாப்பாடு என்று ஃப்ரெஞ்ச் பதிவு செய்திருக்கிறார். கடையில் உணவுப்பொருள் திருடப்போய்ப் பிடிபட்டார்கள். ஸாப்பா போய் ஜாமீனில் எடுக்கவேண்டியிருந்தது. யாராவது ஒருவரை நடுவில் உட்காரவைத்து மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் குற்றம்சாட்டிக்கொண்டே இருப்பார்கள், அவன் உடைந்து அழும்வரை. அடிதடியும் நடந்தது. கிதார் வாசித்த பில் ஹார்க்கில்ரோட் 1998-இல் எழுதிய 'லூனார் நோட்ஸ்' நூலிலும், ஃப்ரெஞ்ச் 2010-இல் வெளியிட்ட எண்ணூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலிலும் இவையெல்லாம் இருக்கின்றன. நம்மில் பலர் அவற்றைப் படித்தவர்கள்தான். படித்துவிட்டு, மேதை என்றால் அப்படித்தான் இருப்பார் என்று தோளைக் குலுக்கிவிட்டு மறுபடி இசைத்தட்டைச் சுழலவிட்டோம்.

இந்தத் தோள்குலுக்கலும் 1982-க்கான பெருமூச்சும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று நான் நினைக்கிறேன். நமக்கு ஆல்பம் வேண்டும். அது எப்படி வந்தாலும் சரி.

ஓவியர் தன் பொருளின்மேல் முழு அதிகாரம் உள்ளவர். பிடிக்காத நீலத்தைச் சுரண்டி எறியலாம். நேற்றுப் போட்ட உருவத்தின்மேல் இன்று வெள்ளையைப் பூசி மறைக்கலாம். கேன்வாஸை ஆறு மாதம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கலாம். நீலத்துக்கு வலிக்காது. அதே அதிகாரத்தை மேஜிக் பேண்டின்மேல் வான் விலீட் செலுத்தினார். அவர்களுக்குப் புதுப் பெயர் வைத்தார்: ஹார்க்கில்ரோட் ஸூட் ஹார்ன் ரோலோ ஆனார், மார்க் பாஸ்டன் ராக்கெட் மார்ட்டன் ஆனார், ஜெஃப் காட்டன் ஆன்டெனே ஜிம்மி சீமன்ஸ் ஆனார், ஃப்ரெஞ்ச் டிரம்போ ஆனார். என்ன உடுத்துவது, எப்போது தூங்குவது, யாரோடு பேசுவது எல்லாம் அவர் சொன்னபடி. எட்டரை மணி நேரத்தில் ஆல்பம் முழுவதையும் தானே எழுதிவிட்டதாகவும், எதுவும் தெரியாத பையன்களுக்கு வாத்தியம் வாசிக்கவே தான்தான் கற்றுக்கொடுத்ததாகவும் பத்திரிகைகளிடம் சொன்னார். பத்திரிகைகள் நம்பின. நாமும் வெகுகாலம் நம்பினோம்.

ஆக, ஓவியத்துக்குப் போனபோது அவர் இழந்ததைவிடப் பெற்றது அதிகம் என்று மட்டும் நான் சொல்லவில்லை. போகாமல் இருந்திருக்கவே கூடாது என்கிறேன். அவருடைய கற்பனை கேட்ட கீழ்ப்படிதலை மனிதர்களிடம் கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது. கேன்வாஸிடம் கேட்கலாம்.

இசையை விட்டது திடீர் முடிவு என்றொரு பேச்சும் நம்மிடம் இருக்கிறது. அப்படியில்லை. 1972-இல், இங்கிலாந்தில் கச்சேரிகள் செய்துகொண்டிருந்தபோதே, லிவர்பூலின் ப்ளூகோட் கலைக்கூடத்தில் அவருடைய கறுப்பு வெள்ளை ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 'ஷைனி பீஸ்ட்' (1978), 'டாக் அட் தி ரேடார் ஸ்டேஷன்' (1980), 'ஐஸ்கிரீம் ஃபார் குரோ' (1982) மூன்றின் அட்டையிலும் இருப்பது அவர் வரைந்ததே. இசைத்தட்டு வாங்கியபோதெல்லாம் நாம் ஓவியத்தையும் சேர்த்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அட்டையை ஒதுக்கிவைத்துவிட்டுத் தட்டை மட்டும் எடுத்தோம்.

இசைத்தொழிலும் அவரை நிம்மதியாக விடவில்லை. 1974-இல் எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரிப் பாட்டுகள் செய்யப்போய் இரண்டு ஆல்பங்கள் சொதப்பின. பழைய மேஜிக் பேண்ட் மொத்தமாகக் கழன்றுகொண்டது. 1976-இல் பதிவான 'பேட் செயின் புல்லர்' ஸாப்பாவுக்கும் அவருடைய மேனேஜர் ஹெர்ப் கோயனுக்கும் நடந்த வழக்கில் சிக்கிக்கொண்டது. அது அசல் வடிவத்தில் வெளிவந்தபோது 2012. பாடியவர் உயிரோடு இல்லை. ஓர் ஓவியம் முடிந்தால் அது சுவரில் இருக்கும். 36 ஆண்டுகள் ஒருவரின் பெட்டகத்தில் கிடக்க வேண்டியதில்லை. 'ஐஸ்கிரீம் ஃபார் குரோ'வுக்கு மொஹாவியில் அவர் எடுத்த வீடியோவை எம்டிவி ஒளிபரப்ப மறுத்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. எந்தக் கதவு மூடியது, எது திறந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஓவியர் ஜூலியன் ஷ்னாபெல் வான் விலீட்டின் ஓவியங்களைப் பார்த்து ஆதரித்தார். 1985-இல் நியூயார்க்கின் மேரி பூன் காலரியில் கண்காட்சி. கொலோன் நகரத்தின் மைக்கேல் வெர்னர் அவருடைய ஓவியங்களைக் கையாளும் காலரிக்காரரானார். இசையைத் தொடர்ந்தால் 'படமும் வரையும் பாடகர்' என்றே உலகம் பார்க்கும், ஓவியராக மதிக்கப்பட வேண்டுமானால் இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்று அவருக்கு அறிவுறுத்தப்பட்டது. கடினமான அறிவுரை, ஆனால் சரியான அறிவுரை. ஜோனி மிட்செல், டிலன், மைல்ஸ் டேவிஸ் என்று தூரிகை பிடித்த இசைக்காரர்கள் பலர் உண்டு. அவர்களுடைய ஓவியங்கள் இன்றுவரை அவர்களுடைய இசையின் நிழலில்தான் பார்க்கப்படுகின்றன. இசையை அடியோடு நிறுத்திக்கொண்டு ஓவியத்துக்குப் போனவர்கள் அபூர்வம். பீட்டில்ஸில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் 1961-இல் அப்படிப் போனார். ஹாம்பர்கில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தபோதே மறு ஆண்டு 21 வயதில் இறந்துபோனார். வான் விலீட்டுக்குக் காலம் கிடைத்தது.

சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகம் 1988-இல் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. 1993-இல் ஜெர்மனியின் பீலஃபெல்டில் பெரிய கண்காட்சி நடந்தது, அதையொட்டி நூலும் வந்தது. ஒரு பாடகரின் பொழுதுபோக்குக்கு இந்த இடங்கள் கிடைப்பதில்லை.

சரி, அந்த ஓவியங்களில் என்ன இருக்கிறது? நான் அவற்றை நூல்களிலும் அச்சுப் பிரதிகளிலும்தான் பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்குள் சொல்கிறேன். முதலில் கண்ணில் படுவது வெள்ளை. பாதிக்கு மேல் வெள்ளையாகவே கிடக்கும் கேன்வாஸ்கள் உண்டு. அது விட்டுப்போன இடம் மாதிரித் தெரியாது. தடிமனாக, ஓரங்களில் அழுக்கேறி, பின்னால் எதையோ மறைத்துக்கொண்டு நிற்கும். அந்த வெள்ளையின் ஓரத்திலிருந்து ஓர் உருவம் நுழையும். காகமா, ஆளா, நாயா என்று சொல்ல முடியாது. கால் இருக்கும், முகம் இருக்காது. அல்லது கண் மட்டும் இருக்கும். கறுப்பு ஒரே இழுப்பில் வந்து பாதியில் வண்ணம் தீர்ந்து வறண்டு நிற்கும். ஃபிரான்ஸ் கிளைனின் கறுப்பு வெள்ளையோடு விமர்சகர்கள் இவரை ஒப்பிடுவது இதனால்தான். ஆனால் கிளைனிடம் விலங்கு இல்லை. ஒன்பது வயதில் மிருகக்காட்சிச்சாலைக்குக் களிமண் பிசைந்த கை இவருடையது. அது கடைசிவரை விலங்குகளைவிட்டு விலகவே இல்லை.

'டிரவுட் மாஸ்க் ரெப்ளிகா'வின் 28 தடங்களில் வாத்தியங்கள் வரும் இடங்களை நினைத்துப் பாருங்கள். மூச்சுவிட இடம் கிடையாது. இரண்டு கிதார், பேஸ், டிரம்ஸ், குரல், அதற்கு மேல் ஒரு சாக்ஸஃபோன். ஒவ்வொரு மூலையும் நிரம்பி வழியும். ஓவியங்களுக்கு வரும்போது அதே மனிதர் முக்கால்வாசி இடத்தைச் சும்மா விடுகிறார். இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆட்களைக் கையில் வைத்திருந்தபோது யாரையும் ஓய்ந்திருக்க விடாதவர், வண்ணத்தோடு தனியாக இருந்தபோது எங்கே கை வைக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டார். இசைக்குள் இருந்தவரை இதை அவர் கற்றிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் வாழ்ந்த டிரினிடாட், கலிபோர்னியாவின் வடபகுதியில் பசிபிக் கரையோரச் சிற்றூர். கடலும் மூடுபனியும் செந்நெடுமரக் காடுகளும் சூழ்ந்த இடம். மனைவி ஜேனும் அவரும் அங்கே இருந்தார்கள். 1969-இல், அதாவது அந்த வுட்லண்ட் ஹில்ஸ் வீட்டுக் காலத்தில், திருமணம் செய்துகொண்டவர்கள். கடைசிவரை சேர்ந்தே இருந்தார்கள். மொஹாவியின் வெட்டவெளியைவிட்டு வெகுதூரம் வந்தபின்னும் பாலைவனம் அவருடைய ஓவியங்களில் இருந்துகொண்டே இருந்தது.

உடம்பு முடியாமல் போனதால்தான் இசையை விட்டார் என்று உங்களில் சிலர் சொல்வதுண்டு. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே முடிவை எடுத்துவிட்டார். நோய் வந்த பிறகும் வரைந்தார். 1993-இல் ஆன்டன் கோர்பைன் அவரை வைத்து எடுத்த 'சம் யோ யோ ஸ்டஃப்' என்ற பதின்மூன்று நிமிடக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்காதவர்கள் பாருங்கள். தொடக்கத்தில் அவருடைய அம்மா தோன்றி மகனை அறிமுகப்படுத்துகிறார். ஒரு கேள்வியை டேவிட் லின்ச் கேட்கிறார். வான் விலீட்டின் குரல் தளர்ந்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி விழுந்திருக்கிறது. ஆனால் சொற்கள் முன்பைப்போலவே எதிர்பாராத இடங்களிலிருந்து வருகின்றன. பீலஃபெல்ட் நூலின் சிறப்புப் பதிப்போடு வந்த குறுந்தட்டில் ஆறு கவிதைகளையும் வாசித்திருக்கிறார். நீங்கள் ஏங்கும் அந்தக் குரல் அதில் இருக்கிறது. பின்னால் வாசிக்க யாரையும் வருத்தவில்லை.

ஓவியராகிவிட்டதால் பழைய பாவம் கழுவப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஃப்ரெஞ்சின் எட்டு மாதங்களை எந்த ஓவியமும் திருப்பித் தராது. 2003-இல் மேஜிக் பேண்டின் பழைய ஆட்கள் மறுபடி ஒன்றுகூடியபோது வான் விலீட் அதில் இல்லை. அந்தப் பாட்டுகளைப் பாடும் பொறுப்பை ஃப்ரெஞ்சே ஏற்றுக்கொண்டார். மேஜிக் பேண்ட் என்ற பெயரில், தாங்கள் கஷ்டப்பட்டுக் கற்ற அந்த இசையைத் தங்களுடையதாக அவர்கள் மேடையில் வாசித்தார்கள். அவர் பங்கு அவருக்கு, இவர்கள் பங்கு இவர்களுக்கு என்று பிரிந்துபோனதை நல்ல முடிவாகவே நான் பார்க்கிறேன். 1982-இல் அவர் ஓவியத்துக்குப் போகாமல் இன்னும் இருபது ஆண்டுகள் புதிது புதிதாகப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு போயிருந்தால் இது நடந்திருக்காது.

ஆல்பங்களைக் குறைவாக நேசிக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 'டிரவுட் மாஸ்க் ரெப்ளிகா'வை அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. டாம் வெயிட்ஸும் பிஜே ஹார்வியும் இந்த இசையிலிருந்து எடுத்துக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. என்னாலும் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். மிச்ச வாழ்க்கை முழுவதையும் அந்த ஆல்பத்துக்குப் போட்ட அடிக்குறிப்பாக நாம் ஆக்கிவிட்டோம்.

அதனால் சில கோரிக்கைகள். அடுத்த ஜனவரி 15-க்கு நீங்கள் கூடும்போது, பாட்டுக்கு ஒதுக்கும் அதே அளவு நேரத்தை ஓவியங்களுக்கும் ஒதுக்குங்கள். பெரிய திரையில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். அவை ஓடும்போது பின்னணியில் பாட்டு வேண்டாம். நம் காது உடனே தூரிகைத் தடத்தில் கிதாரைத் தேட ஆரம்பித்துவிடும். 'சைனா பிக்' என்ற ஓவியத்தைக் கட்டாயம் காட்டுங்கள். அதே பெயரில் பாட்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். பாட்டை மறந்துவிட்டு அந்த ஓவியத்தின்முன் ஐந்து நிமிடம் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள், 'ஓவியம் வரைந்துகொண்டு ஒதுங்கி வாழ்ந்தார்' என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பாடிக்கொண்டு ஒதுங்கி வாழ்ந்தார் என்று யாரைப் பற்றியும் நாம் எழுதுவதில்லை.

ஸ்ட்ராபெர்ரிக் கதையைச் சொல்லும்போது சிரிக்காமல் சொல்லுங்கள்; முழுதாகவும் சொல்லுங்கள், படிக்கட்டுவரை.

கடைசியாக, அன்று வருபவர்களுக்குக் கொடுக்க ஒரு தாள் அச்சடிப்பீர்கள். 'டிரவுட் மாஸ்க் ரெப்ளிகா'வின் கலைஞர் பட்டியலை இசைத்தட்டு அட்டையிலிருந்து அப்படியே எடுத்துப் போடாதீர்கள். முதல் வரியாக இதைச் சேருங்கள்: டிரம்ஸ், இசைக்குறிப்பு எழுத்து, ஒருங்கமைப்பு – ஜான் ஃப்ரெஞ்ச்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்